ஒரு கோடி பவுண்டுப் பெயர்

பந்தயக் கார்களின் கதை – 9

1990 ஏப்ரல் 7-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு பழைய பென்ட்லி காருக்கு விலை பேசி முடித்தார்கள். விற்றவர் ஹப்பர்ட். வாங்க ஒப்புக்கொண்டது மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற நிறுவனம். விலை ஒரு கோடி பவுண்டு. ஒரு பகுதி ரொக்கமாக, மீதி வேறு கார்களாக. அந்தக் காலத்தில் ஒரு காருக்குப் பேசப்பட்ட மிகப் பெரிய தொகைகளில் அது ஒன்று. 1929, 1930 என்று அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' இது என்பதற்காகத்தான் அவ்வளவு விலை.

பிறகு வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். நாங்கள் பேசிய கார் இது இல்லை என்றார்கள். விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் முன் பல நாட்கள் அலசப்பட்டது ஒரே கேள்விதான்: இந்த அறுபது வருடத்தில் இந்தக் காரில் எதை எதை மாற்றினார்கள்? மாற்றிய பிறகும் இது அதே கார்தானா?

பழைய கார்களின் வரலாறு பெரும்பாலும் விற்பவரின் வாய்வழியாகத்தான் வரும். கையில் இருப்பதை உயர்த்திச் சொல்வது அவருக்கு லாபம். இந்த ஒரு காரின் வரலாறு மட்டும் சாட்சிக்கூண்டில் நின்று, குறுக்கு விசாரணையைத் தாங்கி வந்தது. வென்ற பென்ட்லி கார்கள் வேறு சிலவும் இருக்க, இந்தத் தொடரில் இதற்கு முழுப் பகுதி ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான்.

கதை வடக்கு லண்டனில் கிரிக்கிள்வுட் என்ற இடத்தில் தொடங்குகிறது. டபிள்யூ.ஓ. பென்ட்லி 1919-இல் தொடங்கிய கம்பெனியின் பட்டறை அங்கேதான் இருந்தது. டபிள்யூ.ஓ. இளவயதில் டான்காஸ்டரில் ரயில் என்ஜின் பட்டறையில் தொழில் பயின்றவர். அந்தப் பயிற்சி அவர் செய்த கார்களில் கடைசி வரை தெரிந்தது. கனமான சட்டகம், பெரிய என்ஜின், எளிதில் உடையாத பாகங்கள். நம் காரின் வேரான ஆறரை லிட்டர் பென்ட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர், 6,597 சி.சி. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். தலைப்பகுதியும் சிலிண்டர் பிளாக்கும் ஒரே வார்ப்பு, ஆகவே நடுவில் கேஸ்கெட் கிடையாது, அது வெடித்து வண்டி நிற்கும் பேச்சும் கிடையாது. மேலே இருக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்ற மற்றவர்கள் சங்கிலியோ பல்சக்கரமோ வைத்த இடத்தில், இவர் மூன்று இணைப்புத் தண்டுகளை வைத்தார். நீராவி என்ஜினில் சக்கரத்தோடு சக்கரத்தைப் பிணைக்கும் தண்டுகளின் அதே தத்துவம். அதனால் அந்த என்ஜின் பெரிதாகச் சத்தம் போடாது. 1928-இல் இதையே இன்னும் வேகமாக்கி 'ஸ்பீட் சிக்ஸ்' என்று வெளியிட்டார்கள். மொத்தம் 182 வண்டிகள் செய்யப்பட்டன.

என்ஜின் டபிள்யூ.ஓ.வுடையது என்றால் பணம் வூல்ஃப் பார்னாட்டோவுடையது. தென்னாப்பிரிக்க வைரத்தில் கோடீஸ்வரரான பார்னி பார்னாட்டோவின் மகன். 1895-இல் பிறந்தவர், இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்து சொத்துக்கு வாரிசானார். சர்ரே அணிக்கு விக்கெட் கீப்பராகக் கிரிக்கெட் ஆடியவர். 1926-இல் கடனில் தள்ளாடிய பென்ட்லி கம்பெனியில் பணம் போட்டுத் தலைவரானார். பணக்கார முதலாளி பொழுதுபோக்காகக் கார் ஓட்டினார் என்று இவரை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது அநியாயம். லெ மான் பந்தயத்தில் மூன்றே முறை கலந்துகொண்டார், மூன்று முறையும் வென்றார். இன்றுவரை இந்தக் கணக்கு வேறு எவருக்கும் இல்லை. 1928-இல் முதல் வெற்றி, பெர்னார்ட் ரூபினோடு சேர்ந்து, நாலரை லிட்டர் பென்ட்லியில். முடிவுக்கு வரும்போது அந்தக் காரின் சட்டகம் விரிசல் விட்டிருந்தது, ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருந்தது. அந்த நிலையில் வண்டியைப் பக்குவமாகக் கொண்டுவந்து சேர்ப்பது காசால் ஆகிற காரியம் இல்லை.

அடுத்த வருடம் ஸ்பீட் சிக்ஸ் பந்தயத்துக்கு வந்தது. நம் கார் முதலில் இறங்கியது 1929 மே மாதம், இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நடந்த 'டபுள் ட்வெல்வ்' பந்தயத்தில். சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் இரவில் சத்தம் கூடாது என்றதால் 24 மணி நேரத்தை இரண்டு பகலாகப் பிரித்து ஓட்டினார்கள். இடைப்பட்ட இரவில் கார்களைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அங்கே வேகத்தில் குறை இல்லாத இந்தக் கார், டைனமோ பழுதானதால் வெளியேறியது. டைனமோ என்பது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் சின்ன உறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஜூன் 15, லெ மான். காருக்குப் பந்தய எண் 1. பார்னாட்டோவும் டிம் பர்கினும் மாறி மாறி ஓட்டினார்கள். தொடக்கத்திலேயே பர்கின் முன்னால் போனார், கடைசி வரை அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. 16.34 கிலோமீட்டர் நீளச் சுற்றை 174 முறை சுற்றி 2,843 கிலோமீட்டர் ஓடினார்கள். சராசரி வேகம் மணிக்கு 118 கிலோமீட்டருக்கு மேல். பின்னால் இரண்டு, மூன்று, நான்காம் இடங்களிலும் பென்ட்லி. எதிராளியே இல்லாததால் வண்டிகளைக் காப்பாற்ற டபிள்யூ.ஓ. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாம் இடத்துக் காரை ஓட்டியவர்களில் ஒருவரான ஜாக் டன்ஃபி, இதற்கு மேல் குறைப்பதென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. இந்த டன்ஃபி குடும்பத்துக்கும் நம் காருக்கும் பின்னால் வரப்போகும் உறவை நினைத்தால் அந்தச் சிரிப்பு மனதில் வேறு மாதிரி விழுகிறது.

அந்த வருடமே இரண்டு வாரம் கழித்து புரூக்லேண்ட்ஸ் ஆறு மணி நேரப் பந்தயத்தில் பார்னாட்டோவும் ஜாக் டன்ஃபியும் இதே காரில் வென்றார்கள். அக்டோபரில் 500 மைல் பந்தயத்தில் சாமி டேவிஸும் ஜாக்கின் தம்பி கிளைவ் டன்ஃபியும் ஓட்டி இரண்டாவதாக வந்தார்கள்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் நடுவில் கார் பட்டறைக்குத் திரும்பும். அங்கே நட்டு நட்டாகக் கழற்றுவார்கள். தேய்ந்தது, வளைந்தது, சந்தேகமானது எல்லாம் போகும். அலமாரியிலிருந்து புதியது வரும். பக்கத்து டீம் காரிலிருந்து ஒன்று இதற்கு வரும், இதிலிருந்து ஒன்று அதற்குப் போகும். அடுத்த பந்தயத்தில் கார் ஓட வேண்டும், அதுதான் அங்கே ஒரே கவலை. அறுபது வருடம் கழித்து ஒரு நீதிபதி கியர்பாக்ஸின் பூர்வீகம் கேட்பார் என்று அந்த மெக்கானிக்குகள் எண்ணியிருக்க வழியில்லை. 1930 லெ மானுக்குக் கிளம்பியபோது 'ஓல்டு நம்பர் ஒன்'னின் இரும்பில் பெரும்பகுதி முந்தைய வருடத்தது அல்ல.

அந்த 1930 பந்தயத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. வந்திருந்த கார்கள் மிகக் குறைவு, ஆனால் அதில் ஒன்று ருடால்ஃப் கரச்சியோலாவின் மெர்சிடிஸ். ஏழு லிட்டருக்கு மேற்பட்ட என்ஜின். ஆக்சிலரேட்டரை அடி வரை அழுத்தினால் சூப்பர்சார்ஜர் வேலை செய்யத் தொடங்கும். அதன் அலறல் வெகு தூரத்துக்குக் கேட்கும். அதை எப்போதும் ஓட விட்டால் என்ஜின் தாங்காது, தேவைப்படும்போது மட்டும் எழுப்ப வேண்டும். ஆகவே அதை ஓயாமல் எழுப்ப வைப்பதே மெர்சிடிஸை வீழ்த்தும் வழி. முதலில் பாய்ந்தவர் பர்கின். இந்த முறை அவர் இருந்தது டோரதி பேஜட் என்ற சீமாட்டி பணம் கொடுத்து நடத்திய தனி அணியில், சூப்பர்சார்ஜர் பொருத்திய நாலரை லிட்டர் பென்ட்லியில். அந்தக் கருவியை டபிள்யூ.ஓ. அடியோடு வெறுத்தவர். ஆனால் அன்று அதுதான் அவருக்கு உதவியது. முல்சான் நேர்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரங்கள் புல்லில் ஏற, பர்கின் கரச்சியோலாவைத் தாண்டினார். தாண்டும்போதே டயரின் மேல்தோல் பிய்ந்து பறந்தது. அவர் பிட்டுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று.

பிறகு இரவில் மெர்சிடிஸுக்கும் நம் காருக்கும்தான் போட்டி. பார்னாட்டோவுக்கு இந்த முறை துணை கிளென் கிட்ஸ்டன். கடற்படை அதிகாரி, முந்தைய நவம்பரில் சர்ரேயில் விழுந்து எரிந்த லுஃப்தான்சா விமானத்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரே ஆள். முன்னிலை மாறி மாறி வந்தது. நள்ளிரவு தாண்டிய சில மணி நேரத்தில் மெர்சிடிஸின் விளக்குகள் மங்கின. பிட்டுக்கு வந்த கார் மறுபடி கிளம்பவில்லை, பேட்டரி காலி. டைனமோ கைவிட்டிருந்தது. போன வருடம் புரூக்லேண்ட்ஸில் நம் காரை வீழ்த்திய அதே உறுப்பு, இந்த வருடம் அதன் பகையாளியை வீழ்த்தியது. மீதி பாதிப் பந்தயத்தை பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் நிதானமாக ஓட்டி முடித்தார்கள். 2,930 கிலோமீட்டர், சராசரி 122. ஒரே கார் லெ மானை இரண்டு முறை வென்றது அதுதான் முதல் தடவை. கிட்ஸ்டன் மறுவருடம் மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில் விமான விபத்தில் இறந்தார்.

வென்ற கையோடு பென்ட்லி கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. உலகப் பொருளாதார மந்தம் ஆடம்பரக் கார்களின் கழுத்தை நெரித்தது. பார்னாட்டோவும் இனிப் பணம் போட முடியாது என்று கைவிரித்தார். 1931 ஜூலையில் கம்பெனி திவால் நிலைக்கு வந்தது. நேப்பியர் கம்பெனி வாங்கிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, ஒரு டிரஸ்டின் பெயரில் மறைந்திருந்து ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது. டபிள்யூ.ஓ. தன் பெயர் தாங்கிய கம்பெனியில் சம்பளக்காரர் ஆனார்.

கார் மட்டும் பார்னாட்டோவிடம் தங்கியது. அதைப் பராமரிக்க பென்ட்லி பட்டறையின் மெக்கானிக் வால்ட்டர் ஹாசனை அவர் தன்னோடு வைத்துக்கொண்டார். (பிற்காலத்தில் ஜாகுவாரின் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்த ஹாசன். கிரிக்கிள்வுட் எத்தனை பேரை வளர்த்துவிட்டது என்று தனியாகவே எழுதலாம்.) லெ மானுக்குத்தான் நான்கு இருக்கை, மட்கார்டு, விளக்கு எல்லாம் விதி. புரூக்லேண்ட்ஸில் எதுவும் வேண்டாம். அத்தனையும் கழற்றி காரை இலகுவாக்கினார்கள். 1931-இன் 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் அதை ஓட்டி வென்றார்கள். சராசரி மணிக்கு 118.39 மைல். அதே வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைலை வென்றவரின் சராசரி 97 மைலைத் தொடவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது என்ன வேகம் என்று புரியும்.

1932-க்கு இன்னும் வேகம் வேண்டும் என்றார்கள். ஆறரை லிட்டர் என்ஜினை எடுத்துவிட்டு எட்டு லிட்டர் என்ஜினை வைத்தார்கள், 7,983 சி.சி. சட்டகமும் மாறியது, பென்ட்லியின் நாலு லிட்டர் மாடலுக்கு உரியது வந்தது. லெ மானில் வென்ற கார் என்று சொல்ல இப்போது அதில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஆனால் பட்டறையில் நின்றவர்களுக்கும் அதை ஓட்டியவர்களுக்கும் அது ஓல்டு நம்பர் ஒன்தான். வேறு கார் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. ஊர்த் தேருக்கு ஒரு வருடம் அச்சு மாற்றுவார்கள், இன்னொரு வருடம் சக்கரம் மாற்றுவார்கள், அடுத்த தலைமுறையில் மரமே மாறிவிடும். வடம் பிடிக்கிற ஊருக்கு அது அதே தேர்தான்.

செப்டம்பர் 24. ஜாக் முதலில் ஓட்டினார். பிறகு இறங்கி ஸ்டீயரிங்கைத் தம்பி கிளைவிடம் கொடுத்தார். புரூக்லேண்ட்ஸின் வளைவுகள் தட்டையானவை அல்ல. கான்கிரீட் சுவராக ஒன்பது மீட்டர் உயரத்துக்கு எழும்புபவை. வேகம் கூடக் கூட கார் மேலே மேலே ஏறித்தான் திரும்ப வேண்டும். விளிம்புக்கு மேல் தடுப்பு எதுவும் இல்லை. மெம்பர்ஸ் பேங்கிங் என்ற வளைவில் கிளைவின் கார் விளிம்பைத் தாண்டியது. மரங்களை முறித்துக்கொண்டு மறுபக்கம் கீழே விழுந்தது. கிளைவ் அங்கேயே இறந்தார். நடிகை ஜேன் பேக்ஸ்டரை அவர் மணந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பந்தயத்தை நிறுத்தவில்லை. 750 சி.சி. கூட இல்லாத ஒரு சின்ன எம்.ஜி. கார் சலுகைக் கணக்கில் வென்றது.

இதோடு ஓல்டு நம்பர் ஒன்னின் பந்தய வாழ்க்கை முடிந்தது. நான்கு பருவம்.

பார்னாட்டோ சிதைந்த காரைக் குப்பையில் போடவில்லை. அதைச் சீர்செய்து, கூரை போட்ட கூபே உடல் ஏற்றி, சாலையில் ஓடும் காராக ஆக்கினார். பிறகு கைமாறியது, மறுபடி கைமாறியது. அந்தப் பல பத்தாண்டுகளில் அது ஒரு பெரிய பழைய பென்ட்லி, அவ்வளவே. கடைசியில் ஹப்பர்ட் கைக்கு வந்தபோது அவர் கூபே உடலைக் களைந்து லெ மான் காலத்துத் திறந்த தோற்றத்துக்குக் கொண்டுவந்தார். எண்பதுகளின் இறுதியில் பழைய கார்களின் விலை வெறி பிடித்தாற்போல் ஏறிக்கொண்டிருந்தது. மிடில்பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது ஜப்பானியப் பணம். அந்தக் குழு அதே 1990-இல் பிராபம் ஃபார்முலா ஒன் அணியையும் வாங்கியது. ஆனால் ஏறிய விலை அந்த வருடமே இறங்கத் தொடங்கியது. ஒப்பந்தம் கசந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். சந்தை இன்னும் ஏறிக்கொண்டே போயிருந்தால் கியர்பாக்ஸின் பூர்வீகத்தை எவர் தோண்டியிருப்பார்?

ஜூலை 27 அன்று தீர்ப்பு. ஆட்டன் முதலில் இரும்பைக் கணக்கெடுத்தார். 1929-இல் வென்ற காரிலிருந்து, தேதி சொல்ல முடியாத சில்லறைப் பாகங்கள் தவிர, எதுவும் இல்லை. 1930-இல் வென்ற காரிலிருந்து இருப்பது மூன்று: பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் கூடு, ஸ்டீயரிங் தண்டு. மற்றபடி சட்டகம், முன் அச்சு, பின் அச்சின் கூடு, பின் பிரேக்குகள், எட்டு லிட்டர் என்ஜின் என்று முக்கியமான எல்லாமே 1932 காருடையவை. ஆகவே லெ மானில் வென்ற மூலக் கார் இது என்று சொல்ல முடியாது என்றார். அங்கேயே நிறுத்தியிருந்தால் ஹப்பர்ட் தோற்றிருப்பார்.

அவர் நிறுத்தவில்லை. மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஓடிக்கொண்டிருந்த காரில் வந்தன, வந்த ஒவ்வொன்றும் அந்தக் காரின் பகுதியாகிவிட்டது என்றார். எந்த ஒரு நாளிலும் பழைய கார் முடிந்து புதிய கார் தொடங்கவில்லை. இந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறு பென்ட்லி இல்லை, முன்பும் இருந்ததில்லை. ஏப்ரல் 7 அன்று விற்கப்பட்டது இரும்பு மட்டும் அல்ல, அந்த வரலாறும் பேரும் சேர்ந்துதான். எனவே இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன். ஹப்பர்ட் வென்றார்.

இந்தத் தீர்ப்பு வணிகர்களுக்கு வசதியானது, நாளை மூன்று போல்ட்டை வைத்துக்கொண்டு எவனும் ஒரு காரைக் கட்டி விற்பான் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அப்படி விற்றவர்களும் உண்டு. ஆனால் தீர்ப்பைக் கவனித்துப் படித்தால் அந்த வாசலை அது திறக்கவில்லை. கட்டி முடித்த பிறகு பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டுவது வேறு. பெயரோடே ஓடி, பெயரோடே உடைந்து, பெயரோடே எழுந்து வந்தது வேறு. இடையில் ஒரு நாள்கூட அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தால் ஆட்டன் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்பது என் துணிபு. பந்தயக் காரிடம் போய் பிறந்த நாளில் இருந்த அத்தனை பாகத்தோடும் நில் என்று கேட்பவர் பந்தயத்தையே அறியாதவர். அத்தனை பாகத்தோடும் நிற்கிற பந்தயக் கார் பெரும்பாலும் தோற்றுப்போய் சீக்கிரம் ஓரங்கட்டப்பட்ட காராகத்தான் இருக்கும்.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு, அது தீர்ப்பின் மேல் அல்ல. நீதிபதி எண்ணிச் சொன்ன இரும்பில் பெரும்பகுதி 1932-க்கு உரியது. அதாவது கிளைவ் டன்ஃபி கடைசியாக ஓட்டிய காரின் இரும்பு. காரின் தோற்றமோ லெ மான் வெற்றிக் காலத்தது. பார்க்கிறவர் 1929-ஐயும் 1930-ஐயும்தான் பார்க்கிறார். அந்த வெற்றிகளுக்காக ஒரு கோடி பவுண்டு பேசியவர்களும், இது அது இல்லை என்று வாதாடியவர்களும், அந்த மூன்றாவது தேதியைத் தேய்ந்துபோன பாகங்களின் கணக்கில்தான் சேர்த்தார்கள். வரலாறும் சேர்ந்துதான் இந்தக் காரின் அடையாளம் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, செப்டம்பர் 24-ஐ விட்டுவிட்டு இந்தக் காரின் கதையை யார் சொன்னாலும் அது பாதிக் கதை.

பார்னாட்டோவிடம் இன்னொரு ஸ்பீட் சிக்ஸும் இருந்தது. 1930 மார்ச்சில் கான் நகரிலிருந்து கிளம்பி, 'புளூ டிரெய்ன்' ரயில் கலே துறைமுகத்தை அடையும் முன்பே லண்டனில் தன் கிளப் வாசலில் போய் இறங்கினார். அந்தச் சவாரியின் நாயகன் என்று ஓவியம் வரைந்து பல பத்தாண்டுகள் கொண்டாடப்பட்ட அழகான கூபே, பார்னாட்டோ கைக்கு வந்ததே அந்த ஓட்டம் முடிந்த பிறகுதான். அவர் உண்மையில் ஓட்டிய கார் எது, அது எப்படித் தெரியவந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)